ஏற்றுமதிப் பேச்சை நம்பி எச்ஏஎல் பங்கை இன்னும் வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். வயது 63. பீன்யாவில் ஒரு தனியார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சொந்த வீடு இருக்கிறது. அது போக மொத்தச் சேமிப்பு 16 லட்சம். அதில் எச்ஏஎல் (விமானம் தயாரிக்கும் அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) பங்குகள் 120ம் அடக்கம். 2024 ஜூலையில் 5,200 ரூபாய் வீதம் வாங்கினேன். ஏரிக்கரையில் காலை நடக்கும் நண்பர்களுக்குள் தினமும் இதே பேச்சுதான். "எச்ஏஎல் செய்யும் தேஜஸ் போர் விமானத்தை ஒரு வெளிநாடு வாங்கப் போகிறது, அறிவிப்பு வந்த அன்றே பங்கு எகிறும்" என்கிறார் ஒருவர். "துபாயில் விழுந்த விமானத்தை யார் வாங்குவார்கள், விற்றுவிட்டு வெளியே வா" என்கிறார் இன்னொருவர். என் மருமகனுக்கு எச்ஏஎல்லில்தான் வேலை. வெளிநாட்டுக் குழு ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனதாக அவரும் சொன்னார். புரோக்கர் ஆப்பில் எம்டிஎஃப் (புரோக்கரிடம் கடன் வாங்கிப் பங்கு வாங்கும்) வசதி இருக்கிறது. நான் 1.6 லட்சம் போட்டால் 4 லட்சத்துக்கு வாங்கலாமாம். வாங்கட்டுமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

வாங்க வேண்டாம். கையில் இருப்பதையே குறைக்க வேண்டிய நிலையில்தான் இருக்கிறீர்கள். எச்ஏஎல் மோசமான நிறுவனம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் எதற்காக வாங்க நினைக்கிறீர்களோ அந்தக் காரணம் கணக்கில் நிற்கவில்லை. உங்கள் சேமிப்பும் இந்தப் பாரத்தைத் தாங்காது.

முதலில் உங்கள் மருமகன் விஷயம். கடிதத்தில் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை. பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2015ஆம் ஆண்டு உள்தகவல் வர்த்தகத் தடை விதிகளின்படி, வெளியாகாத, விலையைப் பாதிக்கக்கூடிய தகவல் யார் கையில் இருந்தாலும் அவர் உள்ளாள்தான் (இன்சைடர்). அதை வைத்து வாங்குவதும் விற்பதும் குற்றம். வழக்கமான தொழில்போக்குக்கு அப்பாற்பட்ட ஒப்பந்தம் கிடைப்பதோ ரத்தாவதோ அப்படிப்பட்ட தகவல் என்று 2025இல் திருத்திய விதி வெளிப்படையாகவே சொல்கிறது. போர் விமானத்தின் முதல் ஏற்றுமதி ஒப்பந்தம் நிச்சயம் அதில் அடங்கும். ஊழியரின் மனைவியின் பெற்றோரும் உறவினர் பட்டியலில் வருகிறார்கள். பங்கு வாங்க விற்க மருமகனைக் கலந்துகொள்கிறீர்கள் என்றால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் அவருடைய நெருங்கிய உறவினர். குறைந்தபட்ச அபராதம் 10 லட்சம் ரூபாய். மேல்வரம்பு 25 கோடி அல்லது கிடைத்த லாபத்தின் மூன்று மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது. உங்கள் சேமிப்பைவிட மருமகனின் வேலைக்குத்தான் இதில் ஆபத்து அதிகம்.

எனவே அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உள்தகவல் தெரிய வாய்ப்புள்ளவர்கள் என்று நிறுவனம் தயாரித்திருக்கும் "குறிப்பிடப்பட்ட நபர்கள்" பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா? இருந்தால், ஒவ்வொரு காலாண்டு முடிந்த மறுநாளிலிருந்து, முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும் வரை அவரும் நெருங்கிய உறவினரும் அந்தப் பங்கைத் தொடக் கூடாது. மற்ற நாட்களிலும் நிறுவனம் வைத்திருக்கும் வரம்புக்கு மேல் போனால் முன் அனுமதி வேண்டும். வாங்கினால் 6 மாதத்துக்குள் விற்கக் கூடாது, விற்றால் 6 மாதத்துக்குள் வாங்கக் கூடாது. பட்டியலில் இல்லை என்றாலும், விமானம், வெளிநாட்டுக் குழு, ஒப்பந்தம் பற்றி அவரிடம் இனி எதுவும் கேட்காதீர்கள்.

குழு வந்தது என்பதற்கு முதலீட்டு ரீதியில் மதிப்பு எதுவும் கிடையாது. எலகங்காவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏரோ இந்தியா நடக்கும்போது எத்தனையோ நாட்டு அதிகாரிகள் வந்து தேஜஸைப் பார்க்கிறார்கள். பார்ப்பதற்கும் வாங்குவதற்கும் நடுவே பல படிகள் உண்டு: தகவல் கேட்பது, டெண்டர், தொழில்நுட்ப மதிப்பீடு, பறக்கவிட்டுச் சோதிப்பது, விலைப்பேச்சு, கடன்வசதி, இரு அரசுகளின் ஒப்புதல், கையெழுத்து, முன்பணம். ஒவ்வொரு படியிலும் கைவிட்டுப் போகலாம். மலேசியாவின் 18 விமான டெண்டரில் தேஜஸ் போட்டியிட்டது. அப்போதும் "கிட்டத்தட்ட முடிந்துவிட்டது" என்ற செய்திகள் பல மாதம் ஓடின. 2023இல் ஆர்டர் தென்கொரியாவின் எஃப்ஏ-50க்குப் போனது. அர்ஜென்டினாவும் விசாரித்தது. தேஜஸின் வெளியேற்ற இருக்கை பிரிட்டனின் மார்ட்டின்-பேக்கர் தயாரிப்பு. அர்ஜென்டினாவுக்கு ராணுவப் பொருள் போக பிரிட்டன் விடுவதில்லை. கடைசியில் 2024 ஏப்ரலில் டென்மார்க்கின் பழைய எஃப்-16 விமானங்கள் 24ஐ வாங்க அந்த நாடு கையெழுத்திட்டது.

இந்தத் தடை அந்த ஒரு நாட்டோடு முடிவதில்லை. எஞ்சின் அமெரிக்க ஜிஇ நிறுவனத்தின் எஃப்-404. அதை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க வாஷிங்டன் சம்மதிக்க வேண்டும். ரேடாரில் இஸ்ரேலின் பங்கு இருக்கிறது. வாங்கும் நாடு எது என்பதைப் பொறுத்து, இந்த மூன்று தலைநகரங்களில் ஏதோ ஒன்று "முடியாது" என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது. உங்கள் நண்பர் அடுத்த முறை ஒரு நாட்டின் பெயரைச் சொன்னால், அந்த நாட்டுக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் ஆயுதம் விற்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

சரி, கையெழுத்தே ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு லாபம்? மலேசியாவின் ஒப்பந்தத்தையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம்: 18 விமானம், 92 கோடி டாலர், நம் பணத்தில் சுமார் 7,500 கோடி ரூபாய். 5 வருடத்தில் ஒப்படைத்தால் வருடத்துக்கு 1,500 கோடி வருமானம். 2024-25இல் எச்ஏஎல்லின் வருமானம் 30,981 கோடி, நிகர லாபம் 8,364 கோடி. அதாவது 27 சதவீதம். முதல் வெளிநாட்டு ஆர்டரைப் பிடிக்க விலையைக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். இருந்தாலும் தாராளமாக அதே 27 சதவீதத்தை வைத்தால் வருடத்துக்கு 405 கோடி. மொத்தப் பங்குகள் சுமார் 66.88 கோடி. ஆக, ஒரு பங்குக்கு 6 ரூபாய். 10 சதவீத லாபம் என்றால் 2 ரூபாய் 25 காசு. ஏற்கனவே ஒரு பங்குக்கான லாபம் 125 ரூபாய். அதன் மேல் 2 முதல் 6 ரூபாய் வரை சேரும், அதுவும் ஐந்து வருடத்துக்கு.

இப்போது சந்தை என்ன செய்யும் என்று பாருங்கள். கணக்குக்காகப் பங்கு விலையை 4,500 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன். செய்தி வந்து 5 சதவீதம் ஏறினால், பங்குக்கு 225 ரூபாய். அதை 66.88 கோடியால் பெருக்கினால் நிறுவனத்தின் சந்தை மதிப்பில் சுமார் 15,000 கோடி கூடியிருக்கும். ஒப்பந்தத்தின் முழுத் தொகையே 7,500 கோடி. ஐந்து வருட லாபம், தாராளக் கணக்கிலேயே, 2,000 கோடி. அன்று வாங்குகிறவர் 2,000 கோடி லாபத்துக்கு 15,000 கோடி கொடுக்கிறார். அவருக்கு விற்பவர் யார் என்பதையும் யோசியுங்கள்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு, அதையும் சொல்ல வேண்டும். போர் விமானம் முப்பது வருடம் பறக்கும். உதிரிபாகம், எஞ்சின் பராமரிப்பு, மேம்படுத்தல் என்று வருமானம் வந்துகொண்டே இருக்கும். ஒரு நாடு வாங்கினால் அடுத்த நாட்டுக்குத் தைரியம் வரும். உண்மைதான். எச்ஏஎல்லின் இன்றைய வருமானத்திலும் பழுதுபார்ப்பும் பராமரிப்பும்தான் பெரும் பகுதி. ஆனால் அந்த வருமானம் விற்ற பிறகு கொடுக்கும் சேவையைப் பொறுத்தது. எச்ஏஎல்லின் ஏழு துருவ் ஹெலிகாப்டர்களை ஈக்வடார் வாங்கியது. நான்கு விபத்துக்குள்ளாயின. 2015இல் அந்த நாடு ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. நேபாளம், மொரீஷியஸ், மாலத்தீவு, கயானா என்று ஹெலிகாப்டரும் டோர்னியர் விமானமும் போன நாடுகள் உண்டு. எண்ணிக்கை எப்போதும் ஒன்று, இரண்டு, மூன்று என்ற அளவில்தான். தேஜஸைப் பொறுத்தவரை 2025 முடியும் வரை ஒரு வெளிநாடும் கையெழுத்திடவில்லை.

பிரம்மோஸ் ஏவுகணையைக் காட்டி "அது போகவில்லையா" என்று கேட்பார்கள். போனது. 2022 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் கையெழுத்திட்டது, 2024 ஏப்ரலில் முதல் ஏவுகணைத் தொகுதி போய்ச் சேர்ந்தது. நல்ல சாதனை. ஆனால் அதைத் தயாரிக்கும் நிறுவனம் பங்குச்சந்தையில் இல்லை. அந்தப் பணம் எச்ஏஎல் பங்குதாரருக்கு வராது. நாட்டின் மொத்த ராணுவ ஏற்றுமதி 2024-25இல் 23,622 கோடி என்று அரசு சொன்னது. அதில் 15,233 கோடி தனியார் நிறுவனங்களுடையது. "ராணுவ ஏற்றுமதி பெருகுகிறது" என்ற தலைப்புச் செய்தியைப் பார்த்து எச்ஏஎல்லை வாங்குபவர்கள் அரசு எவ்வளவு, தனியார் எவ்வளவு என்ற இந்தப் பிரிவினையைப் பார்ப்பதே இல்லை.

உண்மையில் இந்தப் பங்கின் தலையெழுத்து இருப்பது பெங்களூருவிலும் நாசிக்கிலும் உள்ள தயாரிப்பு வரிசைகளில்தான். 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ (தேஜஸின் மேம்பட்ட வகை), 2025 செப்டம்பரில் இன்னும் 97 என்று ஆர்டர் வந்தது. இரண்டும் நம் விமானப்படைக்கு. ஆக 180 விமானம். பெங்களூருவில் வருடத்துக்கு 16, நாசிக்கில் 8 என்பது திட்டம். திட்டப்படி 24 வந்தாலே ஏழரை வருடம். 16தான் வந்தால் 11 வருடத்துக்கு மேல். மிக்-21 ஓய்வு பெற்ற பிறகு விமானப்படைக்கு இருப்பது 29 படைப்பிரிவுகள், அனுமதிக்கப்பட்டவை 42. இந்த நிலையில் டெல்லியில் எந்த அரசு இருந்தாலும் வரிசையில் வரும் விமானத்தை வெளிநாட்டுக்குத் திருப்பிவிடத் தயங்கும். ஏற்றுமதிக்கான இடமே வரிசையின் கடைசியில்தான் கிடைக்கும்.

அந்த வரிசை எப்படி நகர்கிறது? 2024 மார்ச்சில் தொடங்க வேண்டிய மார்க்-1ஏ ஒப்படைப்பு 2025 முழுவதும் தொடங்கவில்லை. முக்கியக் காரணம் எஞ்சின். 2021இல் 99 எஞ்சினுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ஜிஇ நிறுவனத்தில் அந்த வகை எஞ்சினின் தயாரிப்பு வரிசை பல வருடம் மூடிக் கிடந்தது. அதைத் திறந்து, துணைச் சப்ளையர்களைத் திரும்பப் பிடித்து, முதல் எஞ்சின் கைக்கு வர 2025 மார்ச் ஆகிவிட்டது. ரேடார், ஆயுதப் பொருத்தச் சோதனைகளும் இழுத்தன. விளைவை நிதி முடிவில் பார்க்கலாம்: 2024 மார்ச் முதல் 2025 மார்ச் வரை கையிருப்பு ஆர்டர் சுமார் 94,000 கோடியிலிருந்து 1,89,000 கோடியாக, இரட்டிப்பானது. அதே வருடம் வருமானம் 30,381 கோடியிலிருந்து 30,981 கோடி. 2 சதவீத வளர்ச்சி. ஆர்டருக்குப் பஞ்சமில்லாத நிறுவனத்துக்கு இன்னும் ஒரு ஆர்டர் வரப்போகிறது என்று பரவசப்படுவதில் என்ன இருக்கிறது? குழாய் சின்னதாக இருக்கும்போது தொட்டியை இன்னும் நிரப்பி என்ன பயன்?

அதனால் நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு. வருடத்துக்கு எத்தனை எஞ்சின் வந்தது என்று எண்ணுங்கள். ஒரு தேஜஸுக்கு ஒரு எஞ்சின். எஞ்சின் எண்ணிக்கைக்கு மேல் விமானம் வர முடியாது. அடுத்து, விமானப்படை எத்தனையை ஏற்றுக்கொண்டது என்று பாருங்கள். "முதல் பறப்பு", "வரிசையிலிருந்து வெளிவந்தது" என்ற படங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். மார்க்-1ஏ முதலில் பறந்தது 2024 மார்ச் 28. ஒப்படைப்பு என்பது சோதனை முடிந்து விமானப்படை கையெழுத்திட்ட பிறகுதான். கோயம்புத்தூரில் எல் அண்ட் டி செய்யும் இறக்கைகள், மற்ற தனியார் நிறுவனங்கள் செய்யும் உடற்பகுதிகள் நேரத்துக்கு வருகின்றனவா என்பதும் நல்ல அறிகுறி.

காலாண்டு முடிவைப் படிக்கும்போது முந்தைய காலாண்டோடு ஒப்பிடாதீர்கள். எச்ஏஎல்லுக்கு ஜனவரி-மார்ச்சில்தான் வருமானம் குவியும். 2024-25இல் அந்த ஒரு காலாண்டில் மட்டும் சுமார் 13,700 கோடி. ஏப்ரல்-ஜூன் எண்ணைப் பார்த்து "பாதியாகிவிட்டதே" என்று பதறி விற்பவர்கள் வருடாவருடம் உண்டு. போன வருடத்தின் அதே காலாண்டோடுதான் ஒப்பிட வேண்டும். இருப்புநிலைக் குறிப்பில் பெரிய ரொக்கம் தெரியும். அதில் கணிசமான பகுதி அரசு கொடுத்த முன்பணம். பங்குதாரருடைய பணமாக எண்ணக் கூடாது. அந்தப் பணம் வங்கியில் ஈட்டும் வட்டியும் லாபத்தில் சேர்ந்திருக்கிறது. ஒப்படைப்பு வேகமெடுத்தால் முன்பணம் கரையும், வட்டியும் குறையும். தாமத அபராதத்துக்கான ஒதுக்கீட்டையும் குறிப்புகளில் தேடிப் பாருங்கள்.

செய்தி உண்மையா என்று அறிய ஒரே இடம் பங்குச்சந்தை அறிவிப்புப் பக்கம். பிஎஸ்இ தளத்தில் 541154 என்று எண்ணைப் போட்டால் எச்ஏஎல்லின் அறிவிப்புகள் வரும். முக்கிய ஒப்பந்தம் கையெழுத்தானால் அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் அங்கே வந்தாக வேண்டும். அதில் மூன்றைப் பாருங்கள்: "புரிந்துணர்வு ஒப்பந்தம்" என்றிருக்கிறதா, "ஒப்பந்தம்" என்றிருக்கிறதா, தொகை எவ்வளவு, ஒப்படைப்புக் காலம் எது. பெரிய 250 நிறுவனங்கள், பிரதான ஊடகத்தில் வந்த வதந்தியால் பங்கு விலை குறிப்பிடத்தக்க அளவு அசைந்தால் அதை உறுதி செய்யவோ மறுக்கவோ வேண்டும் என்று 2024 முதல் விதி இருக்கிறது. வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு இந்த விதி பொருந்தாது. அதைப் பரப்புகிறவர்களும் இதைத் தெரிந்துதான் பரப்புகிறார்கள்.

துபாய் விபத்தைச் சொன்ன நண்பருக்கும் பதில் உண்டு. 2025 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை. ஒரு விமானியை இழந்தோம். திங்கட்கிழமை பங்கு சரிந்தது. ஆனால் 97 விமான ஒப்பந்தம் அதனால் ரத்தாகவில்லை. ஏற்றுமதிப் பேச்சு பின்தங்கும், விசாரணை முடிவு வரும் வரை வெளிநாடுகள் காத்திருக்கும். ஏற்றுமதி இல்லாமலேயே நிற்கக்கூடிய நிறுவனம் என்பதை மேலே உள்ள கணக்கே காட்டுகிறது. பயந்து விற்பதும் ஆசைப்பட்டு வாங்குவதும் ஒரே தவறின் மேல்தான் நிற்கின்றன: இரண்டும் ஏற்றுமதியை இந்தப் பங்கின் மையமாக நினைக்கின்றன.

இனி எம்டிஎஃப். 4 லட்சத்தில் 2.4 லட்சம் கடன். வட்டி புரோக்கருக்குப் புரோக்கர் மாறும். 12 சதவீதம் என்றால் வருடத்துக்கு 28,800 ரூபாய். 4,500 ரூபாய் விலையில் 88 பங்கு வரும். 2024-25க்கு எச்ஏஎல் கொடுத்த டிவிடெண்ட் பங்குக்கு 40 ரூபாய், ஆக 3,520 ரூபாய். மீதி 25,000 ரூபாயை நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். பங்கு 20 சதவீதம் இறங்கினால் உங்கள் 1.6 லட்சத்தில் பாதி, 80,000 ரூபாய், போய்விடும். அதற்கு முன்பே மார்ஜின், அதாவது கூடுதல் ஈட்டுப்பணம், கேட்டுத் தகவல் வரும். சொன்ன நேரத்துக்குள் பணம் போடாவிட்டால் புரோக்கரே விற்றுவிடுவார், எந்த விலையானாலும் சரி. வாங்கிய அன்றே டெபாசிட்டரி (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் அமைப்பு) அனுப்பும் ஓடிபி போட்டு அடமானத்துக்கு ஒப்புக்கொள்ள மறந்தாலும் விற்றுவிடுவார்கள். எஞ்சின் தாமதம் எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாத ஒரு பங்கை, தினமும் வட்டி ஏறும் கடனில் வைத்திருக்க உங்கள் வயதில் எந்த அவசியமும் இல்லை.

என்ன செய்யலாம்? 120 பங்கு, 4,500 விலையில் 5.4 லட்சம். மொத்தச் சேமிப்பில் மூன்றில் ஒன்று ஒரே நிறுவனத்தில். 50 பங்கை வைத்துக்கொண்டு 70ஐ விற்பதே என் யோசனை. அப்போது அது ஏழில் ஒன்றாகும். பாதியாக இறங்கினாலும் உங்கள் மாதச் செலவு ஆட்டம் காணாது. மருமகன் பட்டியலில் இருந்தால் வர்த்தகச் சாளரம் திறந்திருக்கும் நாளில் (மேலே சொன்ன தடைக்காலம் அல்லாத நாளில்), தேவையான முன் அனுமதியோடு. இல்லையென்றால், காலாண்டு முடிவு வெளிவந்த ஒரு வாரம் கழித்து ஆரம்பித்து, இரண்டு அல்லது மூன்று தவணையாக. ஒரு பங்குக்கு 700 ரூபாய் நஷ்டம், மொத்தம் 49,000. வாங்கி 12 மாதம் தாண்டிவிட்டதால் இது நீண்டகால மூலதன நஷ்டம். நீண்டகால லாபத்துக்கு எதிராக மட்டும் கழிக்கலாம். வருமான வரிக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால் 8 வருடம் வரை கொண்டுபோகலாம்; ஒரு நாள் பிந்தினாலும் அந்த உரிமை போய்விடும். உங்களிடம் லாபத்தில் உள்ள வேறு பங்கோ மியூச்சுவல் ஃபண்டோ இருந்தால், அதே நிதியாண்டில் விற்று இரண்டையும் நேர் செய்துகொள்ளலாம். விற்று வரும் பணத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும்.

பின்னால் மறுபடியும் எச்ஏஎல் வாங்க வேண்டும் என்று மனம் சொன்னால், விமானப்படை ஒரு நிதியாண்டில் 16 மார்க்-1ஏவையாவது ஏற்றுக்கொண்ட பிறகு யோசியுங்கள். அரசிடம் 71.64 சதவீதப் பங்கு இருக்கிறது. பணம் தேவைப்படும்போது கொஞ்சம் விற்கும். 2020 ஆகஸ்டில் 1,001 ரூபாய்க்கும், 2023 மார்ச்சில் 2,450 ரூபாய்க்கும் ஆஃபர் ஃபார் சேல் வந்தது. இரண்டும் ஒரு பங்கை இரண்டாகப் பிரிப்பதற்கு முந்தைய விலை, இரண்டுமே அன்றைய சந்தை விலைக்குக் கீழே. சிறு முதலீட்டாளருக்கு இரண்டாம் நாளில் தனி ஒதுக்கீடு உண்டு, 2 லட்சம் வரை விண்ணப்பிக்கலாம். செய்தி வந்த காலையில் எகிறிய விலைக்கு வாங்குவதைவிட அந்த நாளுக்குக் காத்திருப்பது எவ்வளவோ மேல். அப்போதும் கடன் இல்லாமல், மொத்தம் 50 பங்குக்கு மேல் போகாமல்.